சுங்கைப்பட்டாணியில் ஒரு விமானத் திடல் இருந்தது

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் ஒரு விமானத்தளம் இருந்தது என்று சொன்னால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "பிளேன் ஏறணும்னா பினாங்குக்கோ அலோர் ஸ்டாருக்கோதானே போறோம் அங்கிள்?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்று அந்த இடம் ராணுவ முகாம். வேலியும் காவல் சாவடியும் தாண்டி உள்ளே என்ன இருக்கிறது என்று நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்க முடியாது. முகாமின் பெயரில் மட்டும் 'லாப்பாங்ஙான் தெர்பாங்' (மலாயில் விமானத் திடல்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள்கூட அது ஏன் அப்படி இருக்கிறது என்று யோசித்ததில்லை.

1941 டிசம்பர் 8 அன்று காலை அங்கே இரண்டு விமானப் பிரிவுகள் இருந்தன. ஒன்று ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆவது ஸ்குவாட்ரன். அமெரிக்காவில் செய்த பஃபலோ சண்டை விமானங்கள் அவர்களிடம் இருந்தன. இன்னொன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 27ஆவது ஸ்குவாட்ரன். அவர்களிடம் இரட்டை எஞ்சின் பிளென்ஹைம்கள். முந்திய நள்ளிரவு தாண்டியதுமே ஜப்பானியர் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கிவிட்டிருந்தார்கள், அதுவும் ஹவாயில் பேர்ல் துறைமுகத்தின்மேல் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பாகவே. விடியற்காலையில் இங்கிருந்து கோத்தா பாருவை நோக்கிப் போன பிளென்ஹைம்கள் அடைமழையில் ஒன்றும் தெரியாமல் திரும்பின. காலையிலேயே ஜப்பானியக் குண்டு விமானங்கள் நம்ம ஊருக்கு மேலே வந்துவிட்டன. விமானங்கள் பல, வானத்துக்கே ஏறாமல் தரையில் நின்றபடியே அடி வாங்கின. எஞ்சியவற்றில் பறக்கக்கூடியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவற்றையும் பட்டர்வொர்த்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வருடக்கணக்கில் திட்டம் போட்டு, காடு வெட்டி, மண் கொட்டிச் சமன்படுத்திய ஒரு தளத்தின் கதை ஏறக்குறைய ஒரே நாளில் முடிந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மலாயாவை ஆகாயத்திலிருந்தே காப்பாற்றிவிடலாம் என்று லண்டனில் கணக்குப் போட்டார்கள். அதை நம்பி வடக்கே அலோர் ஸ்டார், சுங்கைப்பட்டாணி, பட்டர்வொர்த், கோத்தா பாரு, கோங் கெடாக் என்று வரிசையாகத் தளங்களைப் போட்டார்கள். 336 விமானங்கள் தருவோம் என்றார்கள். போர் தொடங்கிய அன்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து 158தான் இருந்தன, அவற்றிலும் பல பழையவை. விமானம் இல்லாத தளங்களைக் காவல் காக்கத் தரைப்படையை அங்கங்கே பிரித்து நிறுத்த வேண்டியதாயிற்று. 11ஆவது இந்திய டிவிஷனின் தலைமையகம் இதே சுங்கைப்பட்டாணியில்தான் இருந்தது. அலோர் ஸ்டார் தளத்தைக் காப்பாற்றத்தான் ஜித்ராவில் நின்று சண்டை போட்டார்கள். டிசம்பர் 13க்குள் அதுவும் உடைந்தது. விட்டுவிட்டுப் போன தளங்களில் இருந்த பெட்ரோலையும் குண்டுகளையும் எடுத்து ஜப்பானியர்கள் நம்மீதே பயன்படுத்தினார்கள்.

இதையெல்லாம் நான் பள்ளியில் படிக்கவில்லை. கட்டட மேற்பார்வை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போன இடத்தில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அவள் நோரிச் நகரில் தாதியாக இருக்கிறாள். ஒரு வாரக் கடைசியில் மருமகன், "மாமா, உங்களுக்குப் பழைய கட்டடம்னா பிடிக்குமே, வாங்க" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

நோர்ஃபோக் மாவட்டத்தில், டிஸ் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்தில் தோர்ப் அபட்ஸ் என்று ஒரு கிராமம். வயல்களுக்கு நடுவே இரண்டு மாடி உயரத்தில் ஒரு வெள்ளைக் கட்டடம். அதுதான் போர்க்கால விமானத்தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம். கோபுரம் என்றதும் நம்ம கேஎல்ஐஏ விமான நிலையத்தில் இருப்பதுபோல வானளாவ நினைத்துக்கொள்ள வேண்டாம். செங்கல்லில் கட்டிச் சிமெண்டு பூசிய ஒரு பெட்டி, முன்னால் இரும்புக் கம்பி போட்ட பால்கனி, மொட்டை மாடியில் ஒரு கண்ணாடி அறை. ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி (தலைமைக் குமாஸ்தா) வீடு இதைவிட அழகாக இருக்கும்.

1943 ஜூனிலிருந்து போர் முடியும்வரை அமெரிக்க விமானப்படையின் 100ஆவது குண்டுவீச்சுக் குழு அங்கே இருந்தது. நான்கு எஞ்சின் பி-17 விமானங்கள். ஒவ்வொன்றிலும் பத்து பேர். இழப்பு அதிகம் கண்ட குழு என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. 1943 அக்டோபர் 10 அன்று ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்துக்குப் பதின்மூன்று விமானங்கள் போயின. ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. மற்றப் பன்னிரண்டும் எங்கே என்று அந்தப் பால்கனியில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். இருபது வயது தாண்டாத பையன்கள் எத்தனையோ பேர்.

போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் போய்விட்டார்கள். 1956இல் தளத்தை முழுசாக மூடினார்கள். நிலம் மறுபடி விவசாயத்துக்குப் போனது. ஓடுபாதைக் கான்கிரீட்டை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம் முழுக்க இதுதான் நடந்தது, பழைய ஓடுபாதைகள் சாலைக்கு அடியில் ஜல்லியாகக் கிடக்கின்றன. கோபுரம் மட்டும் நின்றது. கண்ணாடி போய், கூரை ஒழுகி, முள்புதர் ஏறி, யாருக்கும் வேண்டாத ஒன்றாக. 1977இல் அந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து அதை எடுத்துச் செய்வோம் என்று இறங்கினார்கள். நிலத்துக்காரர் குத்தகைக்குக் கொடுத்தார். 1981 மே மாதம் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இன்றுவரை தொண்டர்கள்தான் நடத்துகிறார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது, உண்டியல்தான்.

மற்றவர்கள் சீருடையையும் படங்களையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் கட்டடம் கட்டுகிறவர்களோடு மாரடித்தவனுக்குக் கண் வேறு எங்கே போகும்? போர்க்காலக் கட்டடங்களுக்கு ஒரு சாபம் உண்டு. போர் முடியும்வரை நின்றால் போதும் என்றுதான் அவற்றைக் கட்டினார்கள். 1942இல் இங்கிலாந்தில் மூன்று நாளைக்கு ஒரு புதுத் தளம் என்ற கணக்கில் வேலை நடந்திருக்கிறது. முதன்மை ஓடுபாதை 2,000 கெஜம், குறுக்கே வெட்டும் மற்ற இரண்டும் 1,400 கெஜம், அகலம் 50 கெஜம் என்று ஒரே அளவு. கட்டடங்களுக்கும் ஒரே வரைபடத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கட்டினார்கள். அந்த அவசரத்தில் யாரும் ஐம்பது வருடத்துக்குத் தாங்குமா என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

அதை ஐம்பது வருடத்துக்கு மேல் தாங்க வைப்பதுதான் தொண்டர்களின் உண்மையான வேலை. முதல் எதிரி சன்னல். அந்தக் காலத்துச் சன்னல் சட்டங்கள் இரும்பு. இரும்பு துருப்பிடித்தால் தன் கனத்தைவிடப் பல மடங்கு பருக்கும். பருத்தால் பக்கத்துப் பூச்சைப் பிளக்கும். பிளவு வழியாக மழை இறங்கும். மழை இறங்கினால் இன்னும் துரு. இரண்டாவது எதிரி மொட்டை மாடி. தண்ணீர் வடியச் சரிவு போதாது, தார்ப் பூச்சு வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். மூன்றாவது, உள்ளே வைத்த பொருள்களே. ஈரச் சுவருள்ள அறையில் கம்பளிச் சீருடையையும் பழைய கடிதங்களையும் வைத்தால் பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும்? ஈரத்தை விரட்டச் சூடு போட்டால் காகிதம் நொறுங்கும். இதற்கெல்லாம் ஒரு தடவை ரிப்பன் வெட்டித் தீர்வு காண முடியாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒருவர் மாடி ஏறிச் சாக்கடைக் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். வருடா வருடம், ஆள் மாறி ஆள்.

அந்தக் கட்டடத்தில் முழு விமானம் ஒன்றுகூட இல்லை. விமான அருங்காட்சியகத்தில் விமானம் இல்லாதது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. கட்டித்தந்த கோபுரமும், அதிலிருந்து பார்த்தால் வயலுக்குள் தேய்ந்து போகும் கான்கிரீட் துண்டும், சுவர் நிறையப் பெயர்களும் போதுமாக இருந்தன. பெயர்கள்தான் விஷயம். சீருடைக்குக் கீழே பெயர், படத்துக்குக் கீழே பெயர், ஊர், எந்த நாள் போனான், திரும்பினானா இல்லையா என்ற விவரம். பொருள்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து அந்த வீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அனுப்பியவை. கட்டடத்தைச் சரிசெய்வதோடு கடிதம் எழுதும் வேலையும் சேர்ந்தே நடந்திருக்கிறது. பெயர்கள் வராமல் போயிருந்தால் அது பழுதுபார்த்த ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான்.

அன்று கதவு திறந்து வைத்திருந்த பெரியவரோடு பேச்சுக் கொடுத்தேன். ஓய்வு பெற்ற தபால்காரர். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். மலேசியாவில் எங்கள் ஊரிலும் ஒரு தளம் இருந்தது என்றேன். "அங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்றார். ராணுவம் என்று சொல்லி வைத்தேன். அவர் ஏன் இதைச் செய்கிறார் என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை. அவருடைய அப்பா சின்னப் பையனாக வேலிக்கு வெளியே தொங்கிக்கொண்டு விமானங்களை எண்ணியவராம். அமெரிக்கர்கள் அவருக்குச் சூயிங்கம் கொடுத்தார்களாம். கிறிஸ்துமஸுக்குத் தளத்துக்குள்ளே கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் கொடுத்தார்களாம். சாகும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தாராம்.

அந்தப் பதில் மனதிலேயே நின்றுவிட்டது. ஊர் திரும்பும் விமானத்தில் முழுக்க அதைத்தான் மென்றுகொண்டிருந்தேன். நம்மவர்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை, வெள்ளைக்காரனைப் பார், எப்படிக் காப்பாற்றுகிறான் என்று நம் கூட்டங்களில் ஒரு புலம்பல் கேட்குமே, அது எனக்கு எப்போதுமே ஒவ்வாது. நோர்ஃபோக்கில் தொண்டர்கள் கிடைத்ததற்குக் காரணம், அங்கே அந்தத் தளம் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு இனித்த நினைவு. சூயிங்கம் வாங்கிய பையன் நாற்பது வயதில் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றான். இங்கே அந்தத் தலைமுறைக்கு என்ன கிடைத்தது?

எங்கள் தாத்தா பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். போருக்கு முந்திய வருடங்களில் தோட்டத்தில் ஆணுக்கு நாள் கூலி ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது. 1941இன் முற்பகுதியில் கிள்ளான் பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது ராணுவத்தை இறக்கிச் சுட்டார்கள். அதே வருடத்தில்தான் வடக்கே திடல்களில் அவசர அவசரமாக வேலை நடந்தது. திடலில் மண் வேலைக்கு ஆள் எடுத்தபோது தாத்தாவும் கொஞ்ச காலம் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதை 'ஏரோபிளேன் திடல்' என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குண்டு விழுந்த அன்று கூலிகள் எல்லோரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கித்தாக் காட்டுக்குள் (ரப்பர் மரங்களுக்குள்) ஓடினார்களாம். அடுத்த வாரம் துரைமார் காரில் ஏறித் தெற்கே போய்விட்டார்கள். பினாங்கிலும் அப்படித்தான், ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களைக் குண்டு மழையில் விட்டுவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

பிறகு ஜப்பான்காரன் காலம். ரப்பரை வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலையில்லை, அரிசியில்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனாலும் துணி கிடைக்காது. அப்போதுதான் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். நல்ல கூலி, மூன்று மாதம், திரும்பி வந்துவிடலாம் என்று ஆசை காட்டி முதலில்; அப்புறம் பிடித்துக்கொண்டே போய். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் அங்கேயே முடிந்து போனார்கள். தாத்தாவின் தம்பி அதில் ஒருவர். அவருக்குப் படமில்லை, தேதியில்லை. திவசத்துக்குத் தை அமாவாசைதான்.

இந்த நினைவை வைத்துக்கொண்டு எவன் பெயிண்ட் டப்பா தூக்கிக்கொண்டு வருவான்? அந்தத் தலைமுறை பேசாமல் இருந்தது மறதியால் அல்ல. பேசினால் தொண்டை அடைக்கும். அடுத்த தலைமுறைக்கோ மறுநாள் விடிகாலைப் பிரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து போவதே பெரிய காரியம்.

சேர்ந்து நின்று ஒன்றைக் காப்பாற்ற நமக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் அதற்கும் பதில் இருக்கிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டாடி விற்றார்கள். நம் ஆட்கள் லயத்து வீடும் போய்த் தெருவுக்கு வந்தார்கள். 1960இல் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் வாங்கிய முதல் தோட்டம் எது? நம்ம கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். கோவிலைச் சொல்லவே வேண்டாம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை குடமுழுக்கு, அதற்கு முன் திருப்பணி, அதற்குக் கமிட்டி, கமிட்டிக்குள் சண்டை, சண்டைக்கு நடுவிலும் வேலை முடிந்துவிடும். மாடி ஒழுகல், கருவறை விமானத்தில் வெடிப்பு, சுதைப் பொம்மையில் முளைத்த ஆலஞ்செடி என்று நோர்ஃபோக் தொண்டர்கள் படுகிற அத்தனை பாடும் நம் கோவில் கமிட்டிக்கு அத்துப்படி. குழல் விளக்கில் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுகிற நமக்கு, பெயரைச் சுவரில் ஏற்றுவது எப்படி என்று யாரும் வந்து கற்றுத்தர வேண்டாம்.

அதனால் ஆள் இல்லை, பணம் இல்லை என்பதெல்லாம் சாக்கு. உண்மையான சிக்கல்கள் வேறு. கட்டடமும் நிலமும் ராணுவத்திடம். அவர்களுக்கு அது நடப்பில் இருக்கும் முகாம், சுற்றுலாத் தலமல்ல. நம்ம ஊர் மழையில் கைவிட்ட கட்டடம் இங்கிலாந்துக் கட்டடத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சாகும். கரையான், ஆல வேர், வருடம் முழுக்க ஈரம். வேலிக்குள் 1941ஐச் சேர்ந்த சுவர் எதுவாவது நின்றாலும் அதைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஏகப்பட்டது. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் வந்துவிட்டது. சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து தோட்டத்தில், ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட ஒரு சண்டியின் (பழங்கோவிலின்) அடித்தளத்தை வீட்டு மனைக்காக இயந்திரம் வைத்துச் சமன்படுத்திவிட்டார்கள். நாடே கூச்சல் போட்டது, கல் மட்டும் திரும்பி வரவில்லை. ஆயிரம் வருடக் கோவிலுக்கே அந்த கதி என்றால், எண்பத்துச் சொச்சம் வருடச் சிமெண்டுச் சுவருக்காக யார் குரல் கொடுப்பார்?

இன்னொன்றும் இருக்கிறது, அது என் மனதுக்குள் இருக்கும் சிக்கல். நாளைக்கே ராணுவம் மனமிரங்கி ஒரு கட்டடத்தைக் கொடுத்து அருங்காட்சியகம் வைக்கச் சொன்னால், அதில் யாருடைய கதையை வைப்போம்? பறந்தவர்களின் கதை கையில் தயாராக இருக்கிறது. அது வீரமில்லாத கதையுமல்ல. டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து தாய்லாந்தின் சிங்கோராவை நோக்கிக் கிளம்ப வேண்டிய பிளென்ஹைம்கள் ஜப்பானியத் தாக்குதலில் தரையிலேயே நொறுங்கியபோது, ஆர்தர் ஸ்கார்ஃப் ஒருவர் மட்டும் தன் விமானத்தோடு மேலே ஏறியிருந்தார். திரும்பி வந்திருக்கலாம். தனியாகவே போய்க் குண்டு போட்டார். உடம்பெல்லாம் காயத்தோடு அலோர் ஸ்டார்வரை ஓட்டிவந்து, கூட இருந்த இருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல் இறக்கினார். அங்கே மருத்துவமனையில் தாதியாக இருந்த அவருடைய மனைவியே ரத்தம் கொடுத்தும் பிழைக்கவில்லை. 1946இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். தைப்பிங் போர்க் கல்லறையில் படுத்திருக்கிறார். புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலை அந்தக் கல்லறையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்தியச் சிப்பாய்கள். மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட கற்களில் பெயரே இல்லை. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.

ஸ்கார்ஃபின் கதையைச் சொல்ல வேண்டும்தான். ஆனால் அவர் இறங்கிய மண்ணைச் சமன்படுத்தியது யார் என்பதும் அதே சுவரில் இருக்க வேண்டும். தோர்ப் அபட்ஸிலும் ஓடுபாதை போட்ட தொழிலாளர்களைப் பற்றி நான் தேடிப் பார்த்தேன். விமானிகளுக்கு இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு இடம் குறைவுதான். போர்க்கால இங்கிலாந்தின் தளங்களில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளமாக வேலை செய்தவர்கள், அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் இல்லையா? அந்த அருங்காட்சியகத்தை நான் மதிக்கிறேன், அந்தத் தபால்காரரை இன்னும் அதிகமாக. ஆனாலும் அப்படியே நகல் எடுக்க எனக்கு மனமில்லை.

அதனால் நாங்கள் சில பேர் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறோம். கட்டடம் கடைசியில், முதலில் பெயர்கள். பழைய தோட்டத்து ஆட்கள் இப்போது தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளில் பரவிக் கிடக்கிறார்கள். தொண்ணூறு தாண்டியவர்கள் ஒரு சிலர் நினைவு மங்காமல் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்கிறோம். எளிதாக இல்லை. ஒரு ஆயா, குண்டு விழுந்தபோது ஏழு வயது அவருக்கு, நான் கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்ததும் வாயை மூடிக்கொண்டார். "எதுக்குடா தம்பி அதெல்லாம்? செத்தவன் செத்துட்டான்." கோப்பி வந்தது, பிஸ்கட் வந்தது, என் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். எழுந்து கிளம்பும்போது வாசலில் வைத்துச் சொன்னார்: "எங்கப்பா திடல்ல கல்லு ஒடைக்கப் போனாரு. அம்மா சோத்துச் சட்டிய தலையில வச்சி என்னையும் இழுத்துக்கிட்டுப் போவாங்க. வேலிக்கு அந்தாண்ட ஒரு வெள்ளக்காரப் பையன், மூஞ்சியெல்லாம் மச்சம் மச்சமா, எனக்கு ஒரு ரொட்டித் துண்டு குடுத்தான். அம்மா வாங்கக் கூடாதுன்னு தட்டிவுட்டுட்டாங்க. அந்த ரொட்டி சேத்துல கெடந்துச்சி." அவ்வளவுதான் சொன்னார். கைத்தொலைபேசி அப்போது என் சட்டைப் பையில் இருந்தது, வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதி வைத்தேன். அடுத்த தடவை போனபோது அப்பாவின் பெயரையும் கங்காணியின் பெயரையும் தானாகவே சொன்னார்.

எங்கள் குழுவுக்குள் எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். இதைக் கோவில் மண்டபத்தில் ஒரு மூலையில் வைக்கலாம் என்கிறார் ஒருவர். மலாய்க்காரர்களும் சீனர்களும் வந்து பார்க்க வேண்டிய இடம், அதனால் நகரத்து நூலகம்தான் சரி என்கிறார் இன்னொருவர். நான் நூலகக் கட்சி. அந்தத் திடலுக்குப் பக்கத்துக் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) இருந்தவர்களுக்கும், லாரி ஓட்டியவர்களுக்கும், காண்டிராக்டில் கல் ஏற்றியவர்களுக்கும் அவரவர் வீட்டில் கதை இருக்கும். நாம் மட்டும் அழுதுவிட்டுப் போனால் அது பாதிக் கதை. முகாமுக்குள் ஒரு தடவை போய்ப் பழைய கட்டடம் எதுவும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் தயாராகிறது. மலாயில் எழுதித் தருகிறேன் என்று ஒரு ஆசிரியை பொறுப்பெடுத்திருக்கிறார். கிடைத்தால் ஈரமானியையும் டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நான் நிற்பேன், அதில் சந்தேகமில்லை. கிடைக்காவிட்டாலும் பெயர் சேர்க்கிற வேலை நிற்காது.

பீடோங், செமிலிங், சுங்கை லாலாங், கோலக்கட்டில் பக்கத்துத் தோட்டங்களில் 1940களில் உங்கள் குடும்பம் இருந்திருந்தால் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பதக்கமும் துப்பாக்கித் தோட்டாவும் வேண்டாம், தோட்டா கிடைத்தால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். எங்களுக்கு வேண்டியது செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவு) தாள், கிராணி கையெழுத்துப் போட்ட சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, திடலோ லயமோ பின்னால் தெரியும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அசலை நீங்களே வைத்துக்கொள்ளலாம், நகல் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம். பெயர் எழுதாத படம் என்றால் வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே யார் யார் என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதிவிட்டுக் கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.